செக்டருக்குள் நடக்காமல் சண்டிகர் தெரியாது: வாசகர் கேள்வி பதில்

பஞ்சாப், ஹரியானா இரண்டுக்கும் தலைநகரமான சண்டிகரைச் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

இரண்டு நாள் சண்டிகர் போகிறோம். கேபிட்டல் காம்ப்ளெக்ஸை அரசு சுற்றுலாத் துறையே இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறதாம். அப்புறம் தனியாக ஒரு கைடுக்குப் பணம் கொடுப்பானேன்?
*வாசகர், மதுரை*

கேபிட்டல் காம்ப்ளெக்ஸுக்காக மட்டும் என்றால் கொடுக்க வேண்டாம். உயர் நீதிமன்றம், சட்டமன்றம், தலைமைச் செயலகம் மூன்றும் பலத்த பாதுகாப்பில் இருக்கும் இடங்கள். துறையின் வழிகாட்டியோடு சேர்ந்துதான் உள்ளே போக முடியும். நீங்கள் அமர்த்தும் கைடு எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே குழுவோடு குழுவாக நிற்பார், அவ்வளவே. அந்த ஒன்றரை மணி நேரத்தை அவர் கணக்கில் சேர்க்காதபடி முதலிலேயே பேசிவிடுங்கள்.

அவர் தேவைப்படுவது ஊருக்குள். சண்டிகரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்; அந்தக் கட்டம்தான் செக்டர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 மீட்டர் அகலம், 1,200 மீட்டர் நீளம். அதைச் சுற்றி ஓடும் வேகச் சாலையைப் பார்த்து எந்த வீட்டுக்கும் வாசல் கிடையாது. வீடுகள் எல்லாம் சாலைக்கு முதுகைக் காட்டி உள்பக்கம் திரும்பி நிற்கும். டாக்ஸியில் நாள் முழுக்கச் சுற்றினாலும் மரம், மதில், ரவுண்டானா, மறுபடி மரம், மதில், ரவுண்டானா. "சண்டிகரில் ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வந்து சொல்பவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சுற்றியவர்கள்தான். செக்டருக்குள் எந்தச் சந்தில் நுழைந்து எங்கே வெளியே வரலாம் என்று தெரிந்த ஒருவர் அரை நாள் கூட வந்தால் போதும்.

நல்ல கைடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம் இருக்கிறது.
*வாசகி, கோவை*

நட்சத்திரத்தை விடுங்கள். பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். செக்டர் 22-ல் எந்த வீதியில் நடக்கப் போகிறோம்? வி4 சாலைக்கும் வி7 பாதைக்கும் (சாலை வகைகளின் பெயர்கள், விளக்கம் கீழே) என்ன வித்தியாசம்? ஜானரே கட்டியவற்றில் எதெல்லாம் பார்ப்போம்? "ராக் கார்டன், ரோஸ் கார்டன், சுக்னா ஏரி, ஷாப்பிங்" என்று பட்டியல் வந்தால் அவர் சுற்றுலா வண்டிக்காரர். அதில் தவறில்லை, ஆனால் அந்த வேலைக்குச் சுற்றுலாத் துறையின் மேல்மாடி திறந்த பேருந்தே போதும்; செலவும் குறைவு.

ஜானரே என்ற பெயர் அவர் வாயில் வருகிறதா என்பது நல்ல உரைகல். திட்டத்தை வகுத்தவர் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. அவர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து சில வாரங்கள் தங்கிவிட்டுப் போவார். 1965 வரை ஊரிலேயே இருந்து பள்ளி, வீடு, நாற்காலி வரை பார்த்துப் பார்த்துச் செய்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே. 1967-ல் அவர் காலமானதும் அஸ்தியைச் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் உடன் இருந்த கட்டடக் கலைஞர்கள் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியையும் தெரிந்தவர் என்றால் யோசிக்காமல் அமர்த்துங்கள்.

மத்திய சுற்றுலாத் துறை அங்கீகரித்த அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் வழக்கமாக அரை நாள் (4 மணி), முழு நாள் (8 மணி) என்று இருக்கும். எத்தனை பேர் என்பதைப் பொறுத்துக் கூடும். வண்டி, பார்க்கிங், நுழைவுச் சீட்டு, கூடுதல் மணி நேரம் எல்லாம் உள்ளா வெளியா என்று ஒரே குறுஞ்செய்தியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும்.

கேபிட்டல் காம்ப்ளெக்ஸுக்கு எந்த நேரம் நல்லது? என்ன எடுத்துப் போக வேண்டும்?
*வாசகர், திருநெல்வேலி*

செக்டர் 1-ல் உள்ள சுற்றுலாத் தகவல் மையத்திலிருந்து காலை 10, பகல் 12, பிற்பகல் 3 என்று மூன்று சுற்று வழக்கம். நேரம் மாறுவதுண்டு, முந்தின நாள் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, அதுவும் அசல், ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவர் வெளியே, மற்றவர்கள் உள்ளே. ஓட்டுநரிடம் "ஹைகோர்ட்" என்று மட்டும் சொன்னால் வழக்குக்கு வருபவர்கள் இறங்கும் இடத்தில் விட்டுவிட வாய்ப்புண்டு. தகவல் மையம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் ஒரு பெரிய கான்கிரீட் திடலின் இரு முனையில் எதிரெதிரே நிற்கின்றன. சட்டமன்றத்தின் முகப்பு தென்கிழக்கைப் பார்க்கும், உயர் நீதிமன்றத்தின் முகப்பு வடமேற்கை. காலைச் சுற்றில் சட்டமன்றத்தின் வளைந்த முன்மண்டபக் கூரை வெயிலில் பளிச்சென்று தெரியும்; பிற்பகலில் நீதிமன்றத்தின் பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்கள் எடுப்பாக இருக்கும். படம் எடுப்பவர்கள் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு முறைதான் போக வேண்டும். பகல் 12 மணிச் சுற்றை மார்ச்சுக்குப் பிறகு தவிருங்கள். திடலில் ஒதுங்க மரம் கிடையாது, தரை கொதிக்கும்.

ஆனால் நண்பகலுக்கு என்றே ஒரு கட்டடம் அங்கே இருக்கிறது. திடலின் நடுவே கூரையும் தூணும் குறுக்குப் பலகைகளுமாக நிற்பது நிழல் கோபுரம். மற்றக் கட்டடங்களெல்லாம் ஊரின் கட்டச் சாலைகளோடு சேர்ந்து சாய்வாகத் திரும்பியிருக்க, இது மட்டும் நேர் வடக்குத் தெற்காக நிற்கும். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து தரையில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வடக்குப் பக்கம் திறந்த வெளி. மற்ற மூன்று பக்கமும் சூரியன் வரும் கோணத்தைக் கணக்கிட்டு வைத்த கான்கிரீட் தடுப்புகள். கோடையில் வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்பதற்கு ஆளுயரத்தைவிடப் பெரிதாகக் கட்டிய செய்முறை விளக்கம் அது. மற்ற மூன்று பெரிய கட்டடங்களின் முகப்பில் தேன்கூடு மாதிரித் தெரிவதும் இதே தடுப்புகள்தான். இதை முதலில் பார்த்துவிட்டு அவற்றைப் பார்த்தால் எல்லாம் தானாகப் புரியும். வழிகாட்டி இதைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

சட்டமன்றத்தின் உள்ளே போக அனுமதி கிடைப்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. கூட்டத்தொடர் நடந்தால் நிச்சயம் கிடையாது. போனால் பையும் கைபேசியும் வெளியே. சடங்குக் கதவு என்று ஒன்று உண்டு: இரண்டு பக்கமும் 55 வீதம் 110 எனாமல் பலகைகள், லெ கொர்புசியே தீட்டியது, பிரான்ஸ் அன்பளிப்பு. அதை எட்ட நின்று பார்ப்பதைவிட, நீங்கள் கடந்து போகும் சாதாரணச் சுவர்களில் பதிந்திருக்கும் மீன், காளை, கை, கையை உயர்த்திய மனிதன் போன்ற அச்சுகளைத் தேடுங்கள். மர அச்சைச் சென்ட்ரிங்கோடு சேர்த்து வைத்துக் கான்கிரீட் ஊற்றியவை. சுலபமாகக் கண்ணுக்குத் தப்பும்.

திறந்த கை சின்னம் 26 மீட்டர் உயரம். லெ கொர்புசியே இறந்து இருபது ஆண்டு கழித்து, 1985-ல்தான் நிறுவினார்கள். காற்றடித்தால் சுழலும். நீங்கள் போகும் அன்று காற்று இல்லையென்றால் கைடு பொறுப்பல்ல.

செக்டர் எண்களின் கணக்கு என்ன? வரைபடத்தைப் பார்த்தால் 9-க்குக் கீழே 17, அதற்குக் கீழே 22 என்று தாவுகிறது.
*வாசகர், ஈரோடு*

தாவவில்லை, பாம்பு மாதிரி வளைந்து வருகிறது. ஒரு வரிசையை ஒரு பக்கமிருந்து எண்ணி முடித்து, அடுத்த வரிசையை எதிர்ப்பக்கமாக எண்ணியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேடிக்கை: பழைய வரிசைகளில் மேலும் கீழும் உள்ள எண்களைக் கூட்டினால் 13-இன் மடங்கு வரும். 9-ம் 17-ம் 26, 17-ம் 22-ம் 39, 16-ம் 23-ம் 39. ஆனால் 13 என்ற செக்டரையே திட்டத்தில் வைக்கவில்லை! பின்னாளில்தான் ஓரத்தில் இருக்கும் மணிமாஜ்ராவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தார்கள். 22-க்குத் தெற்கே போனால் இந்தக் கணக்கு உதைக்கும், நம்பி நடக்காதீர்கள்.

முகவரியில் எண்ணோடு எழுத்தும் முக்கியம். 22-ஏ, 22-பி, 22-சி, 22-டி என்று ஒரே செக்டர் நாலு துண்டு. எழுத்தை விட்டுவிட்டு ஆட்டோ ஏறினால் ஒரு கிலோமீட்டர் தள்ளி இறங்குவீர்கள்.

எல்லா செக்டரும் ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு செக்டருக்குள் நடந்து பார்க்க என்ன இருக்கிறது?
*வாசகி, திருச்சி*

முதலில் எழும்பிய செக்டர் 22-ஐயே எடுத்துக்கொள்வோம். கைடு கூட்டிப்போக வேண்டிய வரிசையும் இதுதான்.

சுற்றுச் சாலையில் (வி3) இறங்குங்கள். இது வண்டிகளுக்கானது, வீட்டு வாசலோ கடையோ இதன்மேல் திறக்காது. அங்கிருந்து உள்ளே போகும் வி4-தான் கடைவீதி. நேர்க்கோடாக இல்லாமல் சற்று வளைந்து போகும், வண்டி வேகமெடுக்க முடியாது. திட்டப்படி கடைகள் ஒரு பக்கம் மட்டும். சாமான் வாங்க வருபவர் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம், வெயிலும் முகத்தில் அடிக்காது. இன்று எதிர்ப்பக்கமும் தள்ளுவண்டிகள் நிறைந்துவிட்டன. திட்டம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பது இந்த நூறு மீட்டரில் தெரியும்.

வி4-லிருந்து பிரியும் வளைய வீதி வி5. அதிலிருந்து வீட்டு வாசலுக்குப் போவது வி6. இங்கே அவசரப்படாதீர்கள். செங்கல் வீடுகள், வரிசையாக, பெரும்பாலும் இரண்டு அடுக்கு. சில இடங்களில் பூச்சு இல்லாத செங்கல், சில இடங்களில் வெள்ளைச் சட்டம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி, அதன் பின்னால் மாடிப்படி அல்லது முற்றம். காற்று வரும், எதிர்வீட்டுப் பார்வை வராது. கோடையில் கட்டில் போட்டுப் படுக்க மொட்டை மாடி. காசு குறைவான அரசு ஊழியர் வீடுகளில் குளிர்சாதனம் இல்லாமல் சமாளிக்க யோசித்த வேலை இது. அரசு வீடுகளை 13 வகையாகப் பிரித்திருந்தார்கள். 1 முதலமைச்சருக்கு, 13 கடைநிலை ஊழியருக்கு. எண்ணோடு சேர்ந்து வரும் எழுத்து வடிவமைத்தவரைக் குறிக்கும்: 13-ஜே என்றால் ஜானரே. இந்தச் சின்ன வீடுகளில்தான் சண்டிகரின் நல்ல கட்டடக்கலை இருக்கிறது என்பது எங்கள் கட்சி.

அடுத்து, வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவே ஓடும் பசுமைப் பட்டை. அதில் போகும் நடைபாதை வி7. பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலும் இதன்மேல்தான். குழந்தை பெரிய சாலை எதையும் கடக்காமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. சைக்கிளுக்கான வி8-ஐப் பிற்பாடு சேர்த்தார்கள். ஒரு வி7-இல் நுழைந்து அடுத்த செக்டர் வரை நடந்துவிட்டால் ஊரின் சூத்திரம் கைக்கு வந்துவிடும்.

நடக்கும்போது கீழேயும் ஒரு கண் இருக்கட்டும். பழைய வீதிகளில் வார்ப்பிரும்பு மேன்ஹோல் மூடிகளில் ஊரின் வரைபடமே புடைத்திருக்கும். கட்டம் கட்டமான செக்டர்களும் குறுக்கே ஓடும் ஓடைப் பள்ளத்தாக்கும் விரலால் தடவினால் தெரியும். களவு போனது போக மிஞ்சியவை சில. எந்தத் தெருவில் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

முடித்துவிட்டு செக்டர் 45-இல் உள்ள புரைல் கிராமத்துக்கு ஒரு அரை மணி கேளுங்கள். நகரம் வருமுன்பே இருந்த ஊர். கட்டச் சாலைகள் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டன. இரு கை நீட்டினால் சுவர் தொடும் சந்துகள், தலைக்குமேல் மின்கம்பிச் சிக்கல், நாலு மாடி வாடகை வீடுகள். அங்கே எதற்கு என்று கைடு முகம் சுளித்தால் வற்புறுத்திக் கேளுங்கள்.

படங்களில் அழகாக இருக்கும் கான்கிரீட் நேரில் கறை படிந்து கறுப்பாக இருக்கிறதே, பராமரிப்பு இல்லையா?
*வாசகர், சென்னை*

பாதி அதுதான், பாதி பொருளின் குணம். பூச்சும் சாயமும் இல்லாத கான்கிரீட் என்பதால் மழைத்தண்ணீர் வழிந்த தடத்தில் பாசியும் தூசியும் ஏறிக் கறுக்கும். கூரைத் தண்ணீரை எட்டத் தள்ளிக் கொட்டத்தான் அந்த நீண்ட பெரிய கான்கிரீட் தூம்புகள். தூம்பு அடைத்தால் தண்ணீர் சுவரோடு இறங்கும். கம்பியை மூடும் கான்கிரீட் குறைவாக உள்ள இடங்களில் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருவேறிப் பருத்து, மேல்தோல் பெயர்ந்துவிடும். நிழல் தடுப்புகளின் மெல்லிய விளிம்புகளில் பழுப்புக் கறையும் ஒட்டுப்போட்ட சதுரங்களும் கண்ணில் படுவது இதனால்தான். புறாக்களும் தம் பங்கைச் செய்கின்றன.

கறைக்கு அடியில் நெருங்கிப் பாருங்கள்: சென்ட்ரிங் பலகையின் மரவரி, பலகைக்கும் பலகைக்கும் இடையே சன்னமான கோடு, ஆணித்தலை அச்சு எல்லாம் கல்லில் பதிந்திருக்கும். அதை மறைக்கக் கூடாது என்பது வேண்டுமென்றே எடுத்த முடிவு.

அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. சமாளிக்க முடியுமா?
*வாசகி, தஞ்சாவூர்*

முடியும். கேபிட்டல் காம்ப்ளெக்ஸ் சுற்றில் நடை அதிகம், உட்கார இடம் குறைவு. மடக்கு நாற்காலிக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டிக் கேளுங்கள். ராக் கார்டனில் தாழ்ந்த வாசல்களும் குறுகிய படிகளும் உண்டு, அவரை அங்கே அழைத்துப் போக வேண்டாம். சுக்னா ஏரிக்கரை சமதளம், மாலையில் இதமாக இருக்கும். செக்டர் 10 அரசு அருங்காட்சியகத்தில் மாடிக்குப் படியேறாமல் சாய்தளத்தில் போகலாம்.

"ஒரிஜினல் ஜானரே நாற்காலி" என்று கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?
*வாசகர், சேலம்*

வேண்டாம். அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் கொண்டு செய்த அந்த நாற்காலிகளைப் பாரம்பரியப் பொருளாக அறிவித்து, விற்கவோ ஏலம் விடவோ ஏற்றுமதி செய்யவோ கூடாது என்று மத்திய உள்துறை 2011-ல் உத்தரவிட்டது. உண்மையானதாக இருந்தால் சிக்கல், போலியாக இருந்தால் நஷ்டம். பின்னால் வெள்ளைப் பெயின்டில் அலுவலகக் குறியீடு எழுதியிருப்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதை எழுத ஒரு தூரிகை போதும். புது நாற்காலியை "அந்த மாதிரி" என்று சொல்லி விற்பவரிடம், பிரம்புப் பின்னலும் மூட்டும் பிடித்திருந்தால், தாராளமாக வாங்குங்கள்.

ராக் கார்டன் கூட்டமாக இருக்கும், திட்டமிட்ட நகரத்தோடு சம்பந்தமும் இல்லை. விட்டுவிடலாமா?
*வாசகர், புதுச்சேரி*

சம்பந்தம் இருப்பதால்தான் சொல்கிறோம், விடாதீர்கள். நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் ஓடு, வளையல், பீங்கான், மண்பானை எல்லாவற்றையும் பொறுக்கி, அரசு சாலைப் பணி ஊழியரான நெக் சந்த் யாருக்கும் தெரியாமல் காட்டுநிலத்தில் செய்த சிற்பங்கள் அவை. சட்டப்படி ஆக்கிரமிப்பு. கண்டுபிடித்த பிறகு இடிக்காமல் 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கேபிட்டல் காம்ப்ளெக்ஸிலிருந்து நடக்கும் தூரம். வார நாளில் திறந்தவுடன் போய்விடுங்கள். ஞாயிறு மாலை போனால் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும்.

டெல்லியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?
*வாசகர், கரூர்*

காலை சதாப்தியில் ஏறினால் மூன்றரை மணி நேரம் போல. 11 மணி வாக்கில் இறங்குவீர்கள். ரயில் நிலையம் ஊரின் ஓரத்தில் இருப்பதால் 12 மணிச் சுற்றைப் பிடிக்க ஓடாதீர்கள். செக்டர் 22-இல் நடந்து, சாப்பிட்டு, 3 மணிச் சுற்றுக்குப் போகலாம். மாலை ரயிலுக்குத் திரும்பும்போது நெரிசல் இருக்கும், ஒரு மணி நேரம் கையில் வையுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் பனிமூட்டத்தால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். அப்போது ஒருநாள் பயணம் வேண்டாம். பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள்.

திங்கட்கிழமை போகிறோம். ஏதாவது பிரச்சினையா?
*வாசகி, நாகர்கோவில்*

ஆமாம். அரசு அருங்காட்சியகமும், பழைய கட்டடக்கலை அலுவலகத்தில் இயங்கும் செக்டர் 19 லெ கொர்புசியே மையமும் திங்கள் விடுமுறை. அவற்றைச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டு திங்களை நடைக்கு வையுங்கள்.